பச்சையம்மாள் காலி செய்த மேசை

சந்தவாசலிலிருந்து வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர்தான் போன் செய்தார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஜன்னலோரமாக ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்ததாகவும், தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டியதாகவும் சொன்னார். மடியிலிருந்த பையில் எங்கள் ஆஸ்பத்திரி அடையாள அட்டை இருந்திருக்கிறது. நான் ஓ.பி.யில் ஒருவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸ் மேரி வாசலில் வந்து நின்று, "மேடம், நம்ம பச்சையம்மா..." என்றாள்.

ஆட்டோவில் எங்களிடமேதான் கொண்டுவந்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு பட்ட அடிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். இல்லை. இருந்திருந்தால் யார் மீதாவது கோபப்பட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மகள் நந்தினிக்குச் செய்தி சொல்ல வேண்டும். அவள் ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்க்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில் இருபத்தோரு வருடமாக இறந்தவர்களின் வீட்டாருக்குச் செய்தி சொல்லிவந்தவர் கட்டிலில் கிடந்தார். கடைக்குப் போன் செய்து வரவழைத்து, ஹாலுக்கு வந்து நந்தினியிடம் நானே சொன்னேன். எனக்கு அது எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. உளறினேன். அறுபது வயது டாக்டருக்கு இன்னும் அந்த வேலை வரவில்லை, ஏனென்றால் அதை நான் என்றைக்கும் செய்ததில்லை.

பச்சையம்மாளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பழைய நர்சுகள், வார்டு ஆட்கள், இப்போது வேறு ஊரில் இருக்கும் மருந்தாளுநர்கள், அவரிடம் திட்டு வாங்கிய நோயாளிகள், எல்லோரும்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அன்று ஆஸ்பத்திரியில் நடந்த அடிதடி உங்களுக்குத் தெரியும். அதற்காக எனக்குச் சால்வை போட்டதும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை. சொல்லிவிட்டால் இந்த ஊரில் என் பெயர் என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை, ஆகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை "பச்சையம்மா, இங்க வா", "எங்க போய்த் தொலைஞ்ச" என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட எட்டு வயதுதான் சின்னவர்.

வார்டு ஆயா வேலைக்கென்று வந்தவர் அவர். புருஷன் கிடையாது, கைக்குழந்தை உண்டு. விண்ணப்பத்தின் கடைசியில், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்று சின்னதாக எழுதியிருந்தார். அப்புறம் ஏன் ஆயா வேலை கேட்கிறாய் என்றேன். "ஆபீஸ் வேலைக்கு கேட்டா யாரு மேடம் குடுக்கிறாங்க, இதான்னா உடனே குடுப்பாங்க" என்றார். அன்றைக்கே ரிசப்ஷனில் உட்காரவைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. எங்கள் தொழிலில் டாக்டருக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. நர்சுகளுக்கு வருடத்தில் ஒரு நாள் இருக்கிறது. ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு இருப்பது முதல் அடி. அது எனக்கு அன்று தெரியாது.

முதல் அடி மூன்றாவது மாதமே விழுந்தது. தேசூர்ப் பக்கத்திலிருந்து பாம்பு கடித்து வந்த ஒருவர், வந்த பத்து நிமிடத்தில் போய்விட்டார். நான் அறைக்குள் கை கழுவிக்கொண்டே, "பச்சையம்மா, நீயே சொல்லிடு" என்றேன். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அவர் போய்ச் சொன்னார். இறந்தவரின் மச்சான் மேசை மீதிருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டை எடுத்து வீசினான். இடது புருவத்துக்கு மேல் எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழிந்தது. நான்தான் தையல் போட்டேன். போடும்போது, இனிமேல் கொஞ்சம் பக்குவமாகச் சொல் என்று புத்தியும் சொன்னேன்.

அடுத்த சாவு நடந்தபோது அவர், செய்தி சொல்லுமுன் மேசையைக் காலி செய்தார். பேப்பர் வெயிட், ஸ்டேப்லர், பஞ்சிங் மெஷின், கத்தரி, பேனா ஸ்டாண்டு, டெலிபோன், எல்லாவற்றையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். கண்ணாடி வளையலைக் கழற்றி உள்ளே வைத்தார். ஒருவன் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து முறுக்கிய பிறகு, அந்த அட்டையும் இழுப்பறைக்குப் போனது. இரண்டு நாற்காலியை இழுத்துப் போடுவார். தண்ணீர் கொடுக்கச் சொல்லும்போது, எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், பிளாஸ்டிக் டம்ளரில் கொடு என்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டாரை உட்காரவைத்து வாயைத் திறப்பார்.

எதற்கு இந்தச் சடங்கெல்லாம் என்று ஒரு நாள் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது:

"அடிக்க வர்றவனுக்கு கையில இன்னாவாவது மாட்டணும் மேடம். ஒண்ணும் மாட்டலன்னா ஒரு நிமிஷம் முழிப்பான். அந்த ஒரு நிமிஷம் போதும் எனக்கு, பேசிடுவேன்."

அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் எங்கள் பதினெட்டுப் படுக்கை ஆஸ்பத்திரி இத்தனை வருடம் ஓடியது. அறைந்திருக்கிறார்கள், காறித் துப்பியிருக்கிறார்கள், முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒரு பெண் தன் மாமியார் செத்ததற்கு இவர் கையைக் கடித்துவிட்டாள். அந்த மாமியாரை அவள் உயிரோடு இருக்கும்போது ஒரு நாள் கூட வந்து பார்க்கவில்லை. "பாசம் ஜாஸ்தியாயிடுச்சு மேடம், இன்னைக்குத்தான்" என்று டெட்டால் போட்டுக்கொண்டே சிரித்தார் பச்சையம்மாள்.

அவரைச் சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரும் ஒருமுறை கை நீட்டியிருக்கிறார். பிரசவ வார்டில் ஒருத்திக்கு மூன்றாவதும் பெண் குழந்தை. புருஷன் வந்து, ஊசி ஏறிக்கொண்டிருந்த அவள் கையை முறுக்கினான். சத்தம் கேட்டு வந்த பச்சையம்மாள் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. நீளமான, கெட்டி அட்டை போட்ட பதிவேடு. அதால் அவன் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். அவன் திரும்புவதற்குள் இன்னொன்று. அப்படியே சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்த் துணி அறையில் தள்ளிப் பூட்டினார். போலீஸ் வருகிறவரை அவன் உள்ளே கத்திக்கொண்டிருந்தான். "கம்முனு இரு, தொவச்ச துணியெல்லாம் இருக்குது, அழுக்காக்காத" என்றார் வெளியிலிருந்து. பதிவேட்டின் அட்டை கிழிந்துவிட்டது. அன்றைய தேதியில், 'அட்டை சேதம், உபயோகத்தின்போது' என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நேற்று எடுத்துப் பார்த்தேன்.

இதற்கு நடுவில்தான் ஆபீஸ் வேலையும் நடந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி, ஜெனரேட்டருக்கு டீசல், லிப்ட் ஆள், ஆக்சிஜன் சிலிண்டர், எந்த வகை ரத்தம் எந்த ஊரில் யாரிடம் கிடைக்கும் என்கிற நோட்டு, எல்லாம் அவர்தான். அந்த நோட்டிலிருந்து போன் போட்டு அவர் வரவழைத்த ஆட்களால் பிழைத்தவர்கள், நான் கத்தி பிடித்துப் பிழைத்தவர்களைவிடக் குறைவாக இருக்க மாட்டார்கள். பிழைத்தவர்கள் மாலை வாங்கி வந்து எனக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். போகும்போது அவரிடம், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஹாலுக்கும் ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் திறக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று பச்சையம்மாள் என்னிடம் மூன்று தடவை சொன்னார். பார்க்கலாம் என்றேன். பராமரிப்பு நோட்டில் எழுதிவைத்தார். கையெழுத்துப் போட்டேன், ஆளை வரவழைக்கச் சொல்லவில்லை. ஆயுத பூஜை வந்துவிட்டது.

அன்று விடுமுறைதான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஏகாம்பரம் என்கிற பட்டு நெசவாளரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரைப்பையில் ஓட்டை விழுந்து வயிறெல்லாம் சீழ். உடனே திறக்க வேண்டியிருந்தது. வேலூரிலிருந்து மயக்க மருந்து டாக்டர் வந்து சேர்ந்ததும் ஆரம்பித்தேன். ஹாலில் அவருடைய தம்பி தாமோதரனும் அந்தத் தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். காலையில் தறிக்குச் சந்தனம் வைத்த கையோடு ஓடி வந்தவர்கள். சிலர் நெற்றியில் இன்னும் குங்குமம் இருந்தது.

இனி ஹாலில் நடந்ததை அங்கே இருந்த ஊழியர்கள் சொன்னதையும், சுவரிலிருந்த கேமராவில் நானே பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பதினொன்றரை மணிக்குப் பச்சையம்மாள் பூஜை வேலையை ஆரம்பித்தார். வருடா வருடம் செய்வதுதான். மேசையைத் துடைத்து, மேலிருப்பதையெல்லாம் ஒரு துண்டில் வரிசையாகச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் தரையில் வைத்துப் பொட்டு வைப்பார். ஸ்டேப்லரை எடுத்தார். பேப்பர் வெயிட்டை எடுத்தார். டெலிபோனை எடுத்தார். தண்ணீரில் கை வைக்க வேண்டியிருந்ததால் வளையலையும் கழற்றினார்.

ஹாலில் இருந்தவர்களில் ஓர் அம்மாள், அதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் ஆஸ்பத்திரியில் கணவரைப் பறிகொடுத்தவர். அவர்தான் முதலில் எழுந்து நின்றார்.

"அய்யோ, மேசய எடுக்குறாங்களே. என் வூட்டுக்காரரு போனப்பவும் மொதல்ல மேசயத்தான் எடுத்தாங்க" என்றார்.

ஊருக்கே அது தெரிந்து போயிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை, பச்சையம்மாளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடமாக ஆரணியில் எங்கள் ஆஸ்பத்திரி ஹாலில் உட்காருகிறவர்கள் டாக்டர் வருகிறாரா என்று பார்ப்பதில்லையாம். மேசையையே பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். அன்றைக்குக் காலையில் தங்கள் வீட்டிலும் இதே பூஜைக்குச் சாமானை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு வந்தவர்கள்தான். ஆனால் உள்ளே ஒருவன் உயிருக்கு மன்றாடும்போது யாருக்கு ஆயுத பூஜை ஞாபகம் வரும்?

தாமோதரன் ஓடிவந்து, அண்ணன் செத்துட்டானா என்று கேட்டான். பச்சையம்மாள் இல்லை என்றார். பூஜைக்காகத் துடைக்கிறேன், உயிரோடுதான் இருக்கிறார் என்றார். அவன் நம்பவில்லை. பொய் சொல்கிறாய், டாக்டரம்மாவை வந்து சொல்லச் சொல் என்றான். எல்லோரும் அதையே கத்தினார்கள். டாக்டரம்மா வரட்டும், டாக்டரம்மா வந்து சொல்லட்டும்.

அவர்கள் வராந்தாக் கதவை நோக்கி நகர்ந்ததும் பச்சையம்மாள் முந்திக்கொண்டு ஓடிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். உள்ளே இருப்பவருக்குத் தொண்டையில் குழாய் இருக்கிறது, கும்பலாக உள்ளே போனால்தான் செத்துப்போவார் என்று அவருக்குத் தெரியும். தாழ்ப்பாள் இல்லாத கதவு. அவரே தாழ்ப்பாளாக நின்றார்.

மற்ற நாளில் அவர்கள் கைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அன்றைக்கு எல்லாம் தரையில் வரிசையாக இருந்தது, சந்தனம் குங்குமத்தோடு. முதலில் பஞ்சிங் மெஷின் வந்தது. பழைய காலத்து இரும்பு. நெற்றியில் பட்டது. அப்புறம் பேப்பர் வெயிட். தாமோதரன் ஸ்டூலின் காலை முறித்துக்கொண்டு வந்தான். தடுக்கத் தூக்கிய இடது மணிக்கட்டு அதில் உடைந்தது. ஒரு பெண் அவர் முடியைப் பிடித்துக் கதவோடு மோதினாள். கேமராவில் சத்தம் கிடையாது. அதனால் பார்ப்பதற்கு ஏதோ வேலை நடப்பது போல இருக்கிறது. ஆளாளுக்கு வந்து ஒன்று கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுகிறார்கள். பச்சையம்மாள் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அப்புறமும் முதுகைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. உட்கார்ந்தபடி இருந்தவரை உதைத்தார்கள். சரிந்து படுத்தவரையும் உதைத்தார்கள்.

மருத்துவர் சங்கத்துக்கு நான் கொடுத்த கடிதத்திலும், போலீசில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்திலும், அந்த நேரத்தில் நான் நோயாளியின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தேன், கையை எடுத்திருந்தால் உயிர் போயிருக்கும் என்று இருக்கிறது.

பொய். தைத்து முடித்துவிட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டேன். ஏகாம்பரத்தை மயக்க மருந்து டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கு நாடி நன்றாக இருந்தது. சத்தம் கேட்டு வராந்தாவுக்கு வந்தேன். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. நான் உள்பக்கத்திலிருந்து தோளைக் கொடுத்துக் கதவை அழுத்திக்கொண்டு நின்றேன்.

ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு, இந்தப் பக்கம் என் தோள். விழுந்த ஒவ்வொரு அடியும் பலகை வழியாக எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா வரட்டும் என்கிற கூச்சலும் கேட்டது. கதவைத் திறந்து, ஏகாம்பரம் உயிரோடு இருக்கிறார் என்று மூன்று சொல் சொன்னால் போதும், அடிதடி அங்கேயே நின்றிருக்கும். அவர்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். திறக்கப் பயமில்லாமல் இல்லை. ஆனால் பயம் மட்டும் இல்லை. நான் டாக்டர், என் மீது அடி விழக் கூடாது என்று ஒரு எண்ணம் இருந்தது. அடி வாங்குவது அவருடைய வேலை என்று எப்போதோ மனதில் முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது. கேமராவின் கடிகாரப்படி நான்கு நிமிடம். நான்கு நிமிடமும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேரிதான் முடிவுகட்டினாள். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் பின்வாசல் வழியாக வெளியேறிச் சுற்றிக்கொண்டு ஹால் வாசலுக்கு ஓடினாள். "உயிரோட இருக்காருய்யா, நான் உள்ள இருந்து வரேன், கண்ணால பாத்துட்டு வரேன்" என்று அடித்தொண்டையில் கத்தினாள். கரண்ட் போனது போல எல்லாம் நின்றது. தாமோதரன் கையிலிருந்த ஸ்டூல் காலைக் கீழே வைத்தான். போடவில்லை, குனிந்து வைத்தான். அது கேமராவில் தெரிகிறது.

அதன் பிறகுதான் நான் கதவைத் திறந்தேன். திறக்க முடியவில்லை, அவர் உடம்பு தடுத்தது. மெதுவாகத் தள்ளித்தான் வெளியே வந்தேன்.

நெற்றியில் ஏழு தையல். அப்பியிருந்தது குங்குமமா ரத்தமா என்று துடைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாதித் தையலில் அவர் கேட்டது, "ஏகாம்பரம் முழிச்சிட்டாரா மேடம்?" முழித்துவிட்டார் என்றேன். "பூஜ சாமான மிதிச்சிட்டாங்க. மறுபடி கழுவித்தான் வைக்கணும், ஒரே பேஜாரு" என்றார்.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். டாக்டர் ஏன் வெளியே வந்து சொல்லவில்லை என்று அவருக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம். நான் வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மாள் கட்டிலில் படுத்தபடி பதில் சொன்னார்.

"மேடம் தையல் போட்டுகினு இருந்தாங்க சார். எப்பிடி வர முடியும்? கைய எடுத்தா ஆளு போயிடுவாரு."

என்னை அவர் பார்க்கவில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், உள்ளே நடந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் எண்ணிக்கொண்டேன். எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதன்மேலேயே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வேலூரில் கூட்டம் போட்டு, வன்முறைக்கு அஞ்சாமல் அறுவை சிகிச்சையை முடித்த மருத்துவர் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். அதற்கான உரையை நான் வாயால் சொல்லச் சொல்ல டைப் செய்தவர் பச்சையம்மாள். இடது கையில் மாவுக்கட்டு. ஒற்றைக் கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வெளியே வெறியாட்டம் நடந்தபோதும் என் விரல்கள் நடுங்கவில்லை என்று ஒரு வரி சொன்னேன். அதையும் தட்டினார். எங்கள் ஊழியர்களும் நல்ல ஒத்துழைப்புத் தந்தார்கள் என்று ஒரு வரி. அதையும்தான். முடித்துவிட்டு, ஒரு கைதானே, லேட்டாகிவிட்டது, கோவித்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

தாமோதரன் மீது வழக்கு நடந்தது. ஏகாம்பரம் குணமாகி வந்து, தம்பிக்காகப் பச்சையம்மாளிடம் கெஞ்சினார். "மன்னிச்சாச்சு. மன்னிப்பு வேற, கேஸ் வேற. நாளைக்கு இன்னொருத்தன் அடிப்பான்" என்றார் அவர். கோர்ட்டில் போய்த் தெளிவாகச் சாட்சி சொன்னார். தாமோதரன் ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அடித்தவனுக்கு ஜெயில், ஒளிந்தவளுக்குச் சால்வை. இந்த வரியை மூன்று வருடமாக மனதிலேயே வைத்துக்கொண்டு ஓ.பி. பார்த்தேன்.

தாழ்ப்பாளை மறுநாளே மாற்றினேன். பச்சையம்மாள் அதன் பிறகு பூஜைக்குக்கூட மேசையைக் காலி செய்யவில்லை. சாமானை வைத்தபடியே ஈரத்துணியால் சுற்றித் துடைத்தார். சாவுச் செய்தி சொல்லும்போதும் எடுக்கவில்லை. பேப்பர் வெயிட் அங்கேயே இருக்க, பக்கத்தில் நின்று சொன்னார். பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். பயம்தான், ஆனால் மேசையைப் பார்த்து இனிமேல் யாரும் வயிற்றில் அடித்துக்கொள்ளக் கூடாது என்றார். அடி வாங்கியவருக்கு, அடித்தவர்களின் பயம்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

சந்தவாசலில் அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. தாமோதரனும் வந்திருந்தான். புளியமரத்தடியில், கூட்டத்தில் சேராமல் நின்றான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்காரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நந்தினியைத் தனியே கூப்பிட்டேன். அன்றைக்கு நான் தைத்துக்கொண்டிருக்கவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், உன் அம்மா அடிபடும்போது எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன், போலீசில் சொன்னது பொய் என்று சொன்னேன். அவள் என்னை அறைந்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் மேடம். அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. கீழ விழுந்து கெடக்கும்போது கதவுக்கு அடியில உங்க செருப்பு ரெண்டும் தெரிஞ்சுதாம்."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"'பாவம்டி, காலு ரெண்டும் நடுங்கிகினே இருந்துது'ன்னு சொன்னாங்க" என்றாள்.

பார்த்திருக்கிறார். உதை விழுந்துகொண்டிருக்கும்போது, ஒரு சாண் தூரத்தில் நான் நிற்பதைப் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் முதுகைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. பார்த்த பிறகுதான் இன்ஸ்பெக்டரிடம் அப்படிச் சொன்னார். பார்த்த பிறகுதான் என் விரல்கள் நடுங்கவில்லை என்ற வரியை ஒற்றைக் கையால் டைப் செய்தார்.

அவரிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது அந்தப் 'பாவம்' ஒன்றுதான். எனக்காக அடி வாங்கியவர் என்னைப் பார்த்துச் சொன்னது. வேறு யார் என்ன சொன்னாலும் இனி எனக்கு வலிக்காது.